பார்வை வந்த பாதை – 17: ஓடுவது ஆறா, பாலமா?

பாளையங்கோட்டையில் 1890இல் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கிய ஆஸ்க்வித் அம்மையாரோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். இந்த வாரக் கதைக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். அங்கிருந்து ஒரு டவுன் பஸ் பிடித்து வண்ணார்பேட்டை வழியாக ஆற்றைத் தாண்டினால் போதும்.

வண்ணார்பேட்டை நிறுத்தத்தில் ஓர் ஆச்சி பேரனோடு ஏறினார். பையனுக்கு நாலு வயசிருக்கும். சுலோச்சன முதலியார் பாலத்தில் பஸ் ஏறியதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். 1843இல் திறந்த பாலம் அது. கீழே தாமிரபரணி, பாதி தண்ணீர், பாதி மணல்.

"ஆச்சி, ஆறு ஓடுதா, பாலம் ஓடுதா?"

"பஸ்ஸுதாம்ல ஓடுது. உக்காரு."

ஆச்சி சொன்னதில் பிழையில்லை. ஆனால் பையன் கேட்டது லேசுப்பட்ட கேள்வியும் இல்லை. பக்கத்து சீட்டிலிருந்து எனக்கு அவன் முகம் பக்கவாட்டில் தெரிந்தது. விளக்குக் கம்பம் ஒன்று எதிரே வந்ததும் அவன் கருவிழி அதைப் பற்றிக்கொண்டு மெதுவாகப் பின்னால் போகும். கம்பம் கண்ணைவிட்டு நழுவும் நேரத்தில் வெடுக்கென்று முன்னால் துள்ளி அடுத்த கம்பத்தைப் பிடிக்கும். மறுபடி மெதுவாகப் பின்னே, வெடுக்கென்று முன்னே. பாலம் முடிகிறவரை இதுதான். அவனுக்கு இது எதுவும் தெரியாது. அவனைப் பொறுத்தவரை அவன் சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

குதிரைப்படை அணிவகுப்பை வேடிக்கை பார்த்தவர்களின் கண்களில் இந்த ஆட்டத்தை 1825 வாக்கில் கவனித்து எழுதியவர் பொஹீமியாவைச் சேர்ந்த புர்கின்யே. சுமார் நூறு வருஷம் கழித்து, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பை ஆராய்ந்து நோபல் பரிசு வாங்கிய ராபர்ட் பாரானி, ரயில் பயணிகளின் கண்களில் இதைப் பார்த்து 'ரயில் நிஸ்டாக்மஸ்' என்று பெயர் வைத்தார். பாரானி நம்மூர்ப் பக்கம் வந்திருந்தால் டவுன் பஸ் நிஸ்டாக்மஸ் என்று வைத்திருப்பார்.

பையன் கேட்டதற்கு வருவோம். கண் விழித்திரையில் படம் நகர்கிறது. நகர்ந்தது உலகமா, கண்ணா? மூளைக்கு அதை யார் சொல்கிறார்கள்? ஒன்றரை நூற்றாண்டு ஆராய்ச்சி இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

சீசனில் குற்றாலம் போனவர்கள் ஒன்றைச் செய்து பார்த்திருக்கலாம், தெரியாமலேகூட. மெயினருவிக்கு எதிரே நின்று விழுகிற தண்ணீரையே ஒரு நிமிஷம் இமைக்காமல் பாருங்கள். பிறகு பார்வையைப் பக்கத்துப் பாறைக்குத் திருப்புங்கள். பாறை மெல்ல மேலே ஏறும். ஏறுகிறது, ஆனால் இடம் மாறவில்லை. இந்த வினோதத்தை 1834இல் ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியில் பார்த்து எழுதினார் ராபர்ட் ஆடம்ஸ். அவர் சொன்ன காரணம் கண் தசை. தண்ணீரைப் பின்தொடர்ந்து கீழே போய்ப் போய்ப் பழகிய கண், பாறையைப் பார்க்கும்போதும் தன்னை அறியாமல் நழுவுகிறது, அதனால் பாறை மேலே போவதாகத் தோன்றுகிறது என்றார். கேட்டால் சரியென்றுதான் படும். பின்னாளில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் மாதிரி மேதையே கண்ணசைவு விளக்கத்தைத்தான் ஏற்றுக்கொண்டார்.

அதை உடைக்கப் போதுமான ஆதாரம் அதற்கு முன்பே வந்துவிட்டது, அதுவும் ஒரு பார்வையற்றவரிடமிருந்து. பெல்ஜியத்தின் ஜோசப் பிளாட்டோ 1840களின் தொடக்கத்தில் பார்வையை முழுக்க இழந்தவர். மற்றவர்களின் கண்களை வைத்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1849இல் அவர் விவரித்த சோதனை எளிமையானது: ஒரு வட்டத் தட்டில் சுருள் கோடு வரைந்து சுழற்ற வேண்டும். சுருள் விரிந்துகொண்டே போவதாகத் தெரியும். தட்டை நிறுத்தினால், எதிரே இருப்பவரின் முகம் சுருங்குவதாகத் தோன்றும். இப்போது ஆடம்ஸின் விளக்கத்தை இதில் பொருத்திப் பாருங்கள். முகம் நாலா பக்கமும் ஒரே நேரத்தில் சுருங்கித் தெரிய வேண்டுமானால் கண் ஒரே நேரத்தில் மேலும் கீழும் இடமும் வலமும் போக வேண்டும். எந்தக் கண்ணாலும் அது ஆகாது. அப்படியானால் பாறையை ஏற்றியது கண் தசை இல்லை, பார்வை நரம்பு மண்டலத்துக்குள்ளே ஏதோ ஒன்று. 1963இல் ஹொரேஸ் பார்லோவும் ரிச்சர்ட் ஹில்லும் முயலின் விழித்திரையில் அந்த 'ஏதோ'வைப் பிடித்தார்கள். ஒரு திசை அசைவுக்கு மட்டும் துடிக்கும் செல், ஒரு நிமிஷம் அந்த அசைவையே காட்டினால் களைத்துப்போகிறது. அசைவு நின்றதும் அதன் வழக்கமான துடிப்புகூட அடங்கிவிடுகிறது. எதிர்த்திசைச் செல் களைக்கவில்லை. தராசு அந்தப் பக்கம் சாய்கிறது, பாறை ஏறுகிறது.

கண் தசையின் மேல் போட்ட வழக்கு இப்படித் தள்ளுபடியானது. ஆனால் கண்ணசைவுக்கும் பார்வைக்கும் சம்பந்தமே இல்லை என்று ஆகிவிடவில்லை. அங்கேதான் ஹெல்ம்ஹோல்ட்ஸின் விரல் வருகிறது.

இதையும் இப்போதே செய்யலாம். ஒரு கண்ணை மூடுங்கள். திறந்திருக்கும் கண்ணின் வெளி ஓரத்தில், இமையின் மேலேயே, சுண்டுவிரலால் பட்டும் படாமலும் தட்டுங்கள். அறை ஆடும். இப்போது விரலை எடுத்துவிட்டு அதே கண்ணைத் தானாக இடமும் வலமும் ஓட்டுங்கள். முன்னதைவிடப் பல மடங்கு தூரம் கண் நகர்கிறது, அறை அசையவே இல்லை. இரண்டிலும் விழித்திரையில் படம் நகர்ந்தது உண்மை. ஆனால் விரல் தள்ளியபோது மூளை அந்த அசைவுக்கு உத்தரவு போடவில்லை. தானாகத் திருப்பியபோது உத்தரவு போட்டது மூளையே. போட்ட உத்தரவைக் கணக்கில் வைத்துக்கொண்டுதான் மூளை பார்க்கிறது என்று 1860களில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதினார்.

அவருக்குத் துணையாக நின்றது நோயாளிகளின் அனுபவம். கண்ணை வெளிப்பக்கம் இழுக்கும் தசை செயலிழந்தவர்கள் உண்டு. சர்க்கரை நோய் முற்றியவர்களுக்கு இது வருவதை நம்மூர்க் கண் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். நல்ல கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பாதிப்புள்ள பக்கத்தில் ஒரு காபி டம்ளரை வைத்து எடுக்கச் சொன்னால் கை டம்ளரைத் தாண்டிப் போய் மேஜையைத் தடவும். கண் நகரவில்லை, ஆனால் 'நகரு' என்ற உத்தரவு பலமாகப் போயிருக்கிறது. மூளை உத்தரவை நம்பி டம்ளரை அந்த அளவுக்குத் தள்ளி வைத்துக் காட்டிவிட்டது. 1931இல் கோர்ன்முல்லர் என்ற ஜெர்மானியர் தன் கண் தசைகளையே மருந்து போட்டு மரக்கச் செய்துகொண்டு கண்ணைத் திருப்ப முயன்றார். கண் அசையவில்லை. உலகம் துள்ளியது.

கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் ஓர் உத்தரவு தயாரானால் கீழே 'நகல்' என்று போட்டு யார் யாருக்குப் போகிறது என்று வரிசையாக எழுதுவார்கள். மூளையிலும் இதே நடைமுறைதான். 'கண்ணே, வலது பக்கம் திரும்பு' என்ற உத்தரவு தசைக்குப் போகும்போது, பார்வைப் பிரிவுக்கு ஒரு நகல் போகிறது. 1950இல் இரண்டு இடங்களில் தனித்தனியே இதே முடிவுக்கு வந்தார்கள். அமெரிக்காவில் ரோஜர் ஸ்பெரி, மீனின் கண்ணைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். ஜெர்மனியில் ஃபான் ஹோல்ஸ்டும் மிட்டல்ஷ்டெட்டும் ஓர் ஈயின் தலையை 180 பாகை திருகி ஒட்டிவிட்டார்கள். நகர முயன்றதும் மீனும் வட்டமடித்தது, ஈயும் வட்டமடித்தது. உத்தரவின் நகல் ஒன்று சொல்ல, கண் நேர் எதிராகச் சொல்ல, திருத்தத் திருத்தச் சுற்றல் கூடிக்கொண்டே போயிற்று. ஜெர்மானியர் இருவரும் அதற்கு வைத்த பெயருக்கும் 'வெளியே போகும் உத்தரவின் நகல்' என்றே அர்த்தம். கலெக்டர் ஆபீஸ் உவமையை நான் வலிந்து கொண்டுவரவில்லை.

இனி கணக்கு. இந்த உத்தரவுகள் எத்தனை? 1870களின் கடைசி வரை, படிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். பாரிஸில் எமில் ஜாவாலின் ஆய்வுக்கூடத்தில் லாமார் என்பவர் படிப்பவரின் கண்ணசைவின் ஓசையைக் குழாய் வைத்துக் காதால் கேட்டு, அது துள்ளித் துள்ளிப் போவதைக் கண்டுபிடித்தார். வெடுக்கென்று இழுப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லான 'சக்காட்' இன்றுவரை அறிவியல் பெயராக நிலைத்துவிட்டது. நாம் துள்ளல் என்போம்.

அதை அளக்கப்போன எட்மண்ட் ஹ்யூயியின் கருவியை நினைத்தால் எனக்கு இன்றும் கண் கூசுகிறது. 1898 வாக்கில் அவர் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் கண்ணுக்குள் வைக்கும் கிண்ணம் செய்தார். நடுவில் பார்க்க ஒரு துளை. கண்ணை மருந்தால் மரக்கச் செய்து, கிண்ணத்தைக் கருவிழி மேல் ஒட்டவைத்து, அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பியை நீட்டினார். கம்பியின் நுனியில் அலுமினிய முள். எதிரே புகை படியவைத்த உருளை சுழலும். ஆள் படிக்கப் படிக்க முள் புகைமேல் கோடு கிழிக்கும். கோட்டில் படிக்கட்டுகள் தெரிந்தன: நிற்கும், துள்ளும், நிற்கும், துள்ளும். மூன்று வருஷம் கழித்து ரேமண்ட் டாஜ் கண்ணைத் தொடாமலே, அதில் பட்டுத் தெறிக்கும் ஒளியைப் போட்டோ தகட்டில் பதிவுசெய்ய வழி கண்டார். அந்தப் புண்ணியவானால்தான் இன்று கண்ணசைவு ஆய்வுக்குப் போகிறவர்கள் கண்ணோடு திரும்பி வருகிறார்கள்.

நொடிக்குச் சுமார் மூன்று துள்ளல். பெரிய துள்ளல் ஒன்றின் உச்ச வேகம் நொடிக்கு 500 பாகையை எட்டும். பதினாறு மணி நேரம் விழித்திருந்தால் ஒரு நாளைக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல். இதயம்கூட நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் தடவைதான் துடிக்கிறது. ஏன் இவ்வளவு அலைச்சல்? கையை நேரே நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். விழித்திரையில் துல்லியமாகப் பார்க்கும் பகுதி கிட்டத்தட்ட அந்த நகத்தின் அகலத்தைத்தான் பிடிக்கும். மீதி எல்லாம் மங்கல். நகமளவு ஜன்னலை ஊரெல்லாம் ஓட்டி ஓட்டித்தான் மூளை முழு வண்ணார்பேட்டையையும் தைக்கிறது.

துள்ளும் நேரத்தில் படம் இழுபட்டுக் கலங்க வேண்டுமே, ஏன் தெரியவில்லை? கண்ணாடி முன் நின்று உங்கள் இடக் கண்ணைப் பாருங்கள், பிறகு வலக் கண்ணை. உங்கள் கண் நகர்வதை உங்களால் பார்க்க முடியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும். டாஜ் இந்தக் கண்ணாடி வித்தையை 1900இல் எழுதினார். துள்ளும் நேரத்தில் வரும் காட்சியை மூளை அமுக்கிவிடுகிறது. சலூனில் செய்து பார்த்தபோது எனக்கு முடி வெட்டிய அண்ணாச்சி, "தலைய ஆட்டாதீய சார்" என்றார். தலை ஆடவில்லை, கண்தான் ஆடியது. அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. அதே சோதனையை செல்போனின் முன்கேமராவில் செய்தால் கண் நகர்வது தெரிந்துவிடும். திரையில் படம் ஒரு கணம் தாமதித்து வருவதால், அமுக்கல் முடிந்த பிறகு அசைவு வந்து சேர்கிறது.

அடுத்தது மூளையில் இது எங்கே நடக்கிறது என்பது. 1870இல் உட்ரெக்ட் நகரில் அடமூக், நடுமூளையின் மேல்மேட்டில் மின்சாரம் பாய்ச்சிக் கண்ணைத் திருப்பினார். சில வருஷங்களில் டேவிட் ஃபெரியர் குரங்கின் முன்மூளையில் ஓர் இடத்தைத் தொட்டு அதையே செய்தார். இடம் தெரிந்தது, பேச்சு கேட்கவில்லை. விழித்திருக்கும் குரங்கின் ஒற்றைச் செல்லை ஒட்டுக்கேட்கும் காலம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கேட்டவர் ராபர்ட் வுர்ட்ஸ். நம் பையனின் கேள்வியை அப்படியே குரங்கின் மூளையிடம் கேட்டார் என்றே சொல்லலாம். நிற்கும் கோட்டின் குறுக்கே கண்ணை ஓட்டவைத்தார், பிறகு நிற்கும் கண்ணின் குறுக்கே கோட்டை ஓட்டினார். மூளையின் பின்பக்கத்தில் காட்சி முதலில் வந்திறங்கும் இடத்துச் செல்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டும் ஒன்றாகவே பட்டது என்று 1969இல் எழுதினார். அவற்றுக்குப் பாலமும் தெரியாது, ஆறும் தெரியாது. ஆனால் அடமூக் தொட்ட நடுமூளை மேட்டின் மேலடுக்குச் செல்கள் பலவற்றுக்கு வித்தியாசம் தெரிந்தது. கோடு ஓடினால் துடித்தன, கண் ஓடினால் பேசாமல் இருந்தன. டேவிட் லீ ராபின்சனும் அவரும் 1976இல் இதை வெளியிட்டார்கள். நகல் அங்கே வந்து சேர்கிறது என்று அர்த்தம். எந்த வழியாகப் போகிறது என்பதில் ஒரு பாதையை மார்க் சோமரும் வுர்ட்ஸும் 2002இல் காட்டினார்கள். நடுமூளை மேட்டிலிருந்து தலாமஸ் வழியாக ஃபெரியர் தொட்ட முன்மூளைக்குப் போகும் தபால் வழி அது. நடுவில் தலாமஸைத் தற்காலிகமாக மரக்கச் செய்தபோது குரங்கு தொடர்ந்து இரண்டு துள்ளல் போட வேண்டிய இடத்தில் இரண்டாவதில் தடுமாறியது. முதல் உத்தரவின் நகல் சரியாகப் போய்ச் சேரவில்லை. இதற்குப் பத்து வருஷம் முன்னால் துஹாமெல், கோல்பி, கோல்ட்பெர்க் மூவரும் கண்டது இன்னும் விசித்திரம்: மூளையின் பக்கவாட்டில் சில செல்கள், கண் துள்ளுவதற்கு முன்பே, துள்ளி முடித்தபின் எந்த இடம் தன் பார்வைக்குள் வருமோ அந்த இடத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகின்றன. பஸ் வருமுன்னே துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல.

கண்ணை அசையவிடாமல் கட்டிப்போட்டால்? காட்சி கண்ணோடு சேர்ந்தே நகரும்படி கருவி செய்து, 1952இல் இங்கிலாந்திலும் அடுத்த வருஷம் அமெரிக்காவிலும் பார்த்தார்கள். சில நொடிகளில் படம் கரைந்து மறைந்தே போயிற்று. வெறித்துப் பார்க்கும்போதும் கண் போடும் பொடித்துள்ளல்களுக்கு இதில் பங்கு உண்டு. அவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் பார்வைச் செல்கள் கொத்தாகத் துடிப்பதை 2000இல் சுசானா மார்ட்டினெஸ்-கோண்டேயும் கூட்டாளிகளும் பதிவுசெய்தார்கள். இதே பொடித்துள்ளல் ஆராய்ச்சியாளர்களையும் ஏமாற்றியது. தலையில் மின்முனை வைத்துப் பதிவுசெய்த ஒருவகை வேக அலையை, மூளை பொருளை அடையாளம் காணும் அலை என்று பலர் எழுதிவந்தார்கள். அதில் பெரும்பங்கு கண் தசை இழுபடும்போது எழும் மின்துடிப்பு என்று 2008இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆடம்ஸ் மூளையின் வேலையைக் கண் தசையின் கணக்கில் எழுதினார். இவர்கள் கண் தசையின் வேலையை மூளையின் கணக்கில் எழுதினார்கள்.

நம் நாட்டில் இப்போது பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஆதித்ய மூர்த்தியின் குழு, துள்ளலுக்குப் போட்ட உத்தரவை மூளை கடைசிக் கணத்தில் எப்படி ரத்துசெய்கிறது என்று ஆராய்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் வி. ஸ்ரீநிவாச சக்கரவர்த்தியின் குழு, பார்க்கின்சன் நோயில் துள்ளல் ஏன் மந்தமாகிறது என்பதைக் கணினி மாதிரிகளால் தேடியது. பார்வை ஆய்வில் உலகப் பெயர் பெற்ற வி.எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மாணவராக இருந்தபோதே 1972இல் நேச்சர் இதழில் கட்டுரை வெளியிட்டவர். அதே ஸ்டான்லியில் 1944இல் பட்டம் பெற்றவர்தான் கோவிந்தப்ப வெங்கடசாமி. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து வடமலாபுரத்துக்காரர். 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை 1988இல் திருநெல்வேலிக்கும் வந்தது.

மாறுகண் விஷயத்தைச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தை முடிக்க முடியாது. "மாறுகண்ணு அதிர்ஷ்டம்லா, அதப் போயி எதுக்குக் காட்டணும்?" என்ற பேச்சை எங்கள் தெருவிலேயே கேட்டு வளர்ந்தவன் நான். 1965இல் டேவிட் ஹ்யூபலும் டோர்ஸ்டன் வீசலும் பூனைக்குட்டிகளின் ஒரு கண் தசையை வெட்டி மாறுகண் உண்டாக்கினார்கள். கண் இரண்டிலும் குறை கிடையாது, திசை மட்டும்தான் மாறியிருந்தது. வளர்ந்தபின் மூளையைப் பார்த்தார்கள். வழக்கமாக அங்கே நூறில் எண்பது செல்கள் இரு கண்ணுக்கும் பதில் சொல்லும். இந்தக் குட்டிகளில் அது இருபதாகக் குறைந்திருந்தது. இரண்டு கண்ணும் இரண்டு இடத்தைப் பார்த்தால் குழந்தையின் மூளை இரண்டு படத்தோடு மல்லுக்கட்டாது, ஒன்றை அடக்கிவிடும். அடக்கப்பட்ட கண் நாளடைவில் சோம்பல் கண்ணாகிவிடும். பிறகு கண்ணாடி மாட்டினாலும் தெளியாது, ஏனென்றால் பழுது கண்ணில் இல்லை. நல்ல கண்ணை மூடிவைத்து அதை உழைக்க வைக்கும் சிகிச்சை 1743இல் பூஃபோன் எழுதியது. இன்றும் அதுதான் பிரதானம், சிறு வயதில்தான் அது நன்றாகப் பிடிக்கும். காலம் தவறினால் கதவு முழுக்க அடைபட்டுவிடும் என்றும் சொல்ல முடியாது. பவன் சின்ஹாவின் 'பிரகாஷ்' திட்டத்தில், பிறவியிலேயே பார்வை இழந்து எட்டு வயதுக்கு மேல் அறுவை சிகிச்சை பெற்ற குழந்தைகளும் ஓரளவு பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் அந்த 'ஓரள'வை நம்பி யாரும் காத்திருக்கக் கூடாது.

வீட்டில் ஆறு மாதத்தைத் தாண்டிய குழந்தை இருந்தால், செல்போனில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். கேமராவை நேரே பார்க்கும் படமாக இருக்க வேண்டும். ஒளிப்பொட்டு இரண்டு கருவிழியிலும் ஒரே இடத்தில் விழுந்திருக்கிறதா? ஒன்றில் நடுவிலும் மற்றதில் ஓரத்திலும் விழுந்திருந்தால், அல்லது ஒரு கண்ணின் பாப்பாவில் வெள்ளை தெரிந்தால், அதிர்ஷ்டம் என்று சொல்கிறவர் வீட்டுப் பெரியவராகவே இருக்கட்டும், நாளைக்கே குழந்தையைக் கண் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.